எத்தனை சந்திகள்?
மாட்டுங்கா, தாராவி, செம்பூர்: தெரு இணைப்பை அளப்பது பற்றி

(மும்பை மாட்டுங்காவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மும்பையில் வீட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் சில கேள்விகள் தானாக வந்து விழும். எத்தனை சதுர அடி? கார்ப்பெட்டா, பில்ட்-அப்பா? ஸ்டேஷனிலிருந்து எத்தனை நிமிடம்? சொசைட்டியில் ரீடெவலப்மென்ட் கூட்டம் என்றால் எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, எவ்வளவு கிடைக்கும் என்பதும் சேர்ந்துகொள்ளும். அந்த வீட்டிலிருந்து வெளியே போக எத்தனை வழி உண்டு, ஒரு வழி அடைபட்டால் மறுவழி இருக்கிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பில்டரின் விளம்பரத் தாளில் நீச்சல் குளம் இருக்கும், தோட்டம் இருக்கும். பக்கத்துத் தெருவுக்குப் போகும் வழி இருக்காது. இன்றைய பேச்சு அந்தக் கேட்கப்படாத கேள்வியைப் பற்றியது.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டடம் ஐம்பது அறுபது ஆண்டில் இடிபடும். தெரு அப்படியே நிற்கும். ஒரு பேட்டையில் முதல் நாள் போட்ட தெருக்கோடு அங்கே வாழப்போகும் நான்கைந்து தலைமுறைகளின் நடையை முடிவு செய்துவிடுகிறது. ஆகவே எந்த மறுசீரமைப்பிலும் வீடுகளை எண்ணுவதற்கு முன்னால் சந்திகளை எண்ண வேண்டும். அதை எண்ணும் முறை எளிது. பள்ளிக் கணக்குப் போதும்.

பரவலின் இரண்டு முகங்கள்

நகரப் பரவல் என்றதும் ஊர் வயலைத் தின்று விரிவதுதான் நினைவுக்கு வரும். மும்பைப் பெருநகரத்தில் அது கண்கூடு. 2001 கணக்கெடுப்பில் கிட்டத்தட்ட 1.2 கோடியாக இருந்த மும்பை மாநகராட்சியின் மக்கள்தொகை 2011-இல் 1.24 கோடிதான். தீவு நகரம் எனப்படும் பழைய மும்பை மாவட்டத்திலோ 33.4 லட்சம் 30.9 லட்சமாகக் குறைந்தே போனது. அதே பத்தாண்டில் அன்றைய தாணே மாவட்டம் 81 லட்சத்திலிருந்து 1 கோடியே 10 லட்சமாயிற்று. ஊர் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. டோம்பிவிலி, நாலாசோப்பாரா ரயில்களில் தொங்கிக்கொண்டு வருகிறவர்களிடம் இதற்குப் புள்ளிவிவரம் காட்ட வேண்டியதில்லை.

இந்த முதல் முகத்தை அளக்க ஐக்கிய நாடுகள் சபையின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் ஓர் அளவுகோல் இருக்கிறது. நகரம் நிலத்தை உண்ணும் வேகத்தை மக்கள்தொகை வளரும் வேகத்தால் வகுப்பார்கள். ஒன்றுக்கு மேல் போனால், ஆள் பெருகுவதைவிட வேகமாக நிலம் கரைகிறது என்று பொருள். இதையும் ஆள் அடர்த்தியையும் மட்டும் பார்த்துவிட்டு, மும்பை நெருக்கமான நகரம், இங்கே பரவல் ஒரு பிரச்சினையே இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு.

இரண்டாவது முகம் தெருவில் இருக்கிறது. ஆள் நெருக்கமாக இருக்கலாம், வீடுகள் அடுக்கடுக்காக இருக்கலாம். ஆனால் கண்ணுக்கு எதிரே தெரியும் இடத்துக்குப் போக ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருந்தால், நடக்கிறவருக்கு அந்த ஊர் பரந்த ஊர்தான். சுவரும் கேட்டும் ரயில் பாதையும் மேம்பாலமும் சேர்ந்து தூரத்தை உற்பத்தி செய்கின்றன. மும்பையில் நடக்கும் பயணங்களில் பாதிக்கு மேல் முழுக்க முழுக்க நடைப் பயணம் என்று பெருநகர வளர்ச்சி ஆணையத்துக்காக 2008-இல் முடிந்த விரிவான போக்குவரத்து ஆய்வு சொன்னது. அப்படி நடப்பவர்களின் நகரத்தை அடர்த்தி என்ற ஒற்றை எண்ணால் அளந்துவிட முடியாது.

அளக்கும் கணக்கு

ஒரு தாளில் சதுரங்கக் கட்டம் போல மூன்றுக்கு மூன்று என ஒன்பது மனைத்தொகுதிகளை வரைந்துகொள்ளுங்கள். கோடுகள்தாம் தெருக்கள். கோடுகள் கூடும் இடங்களை எண்ணினால் 16. ஒரு சந்திக்கும் அடுத்த சந்திக்கும் இடையிலுள்ள தெருத்துண்டுகளை எண்ணினால் 24. இருபத்து நான்கைப் பதினாறால் வகுத்தால் 1.5. இதுதான் இணைப்பு விகிதம், அளவுகளிலேயே எளியது.

இப்போது அதே 16 புள்ளிகளை மரம் போல இணையுங்கள். ஒரு பிரதான சாலை, அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து கிளை, கடைசியில் முட்டுச்சந்து. எப்படி வரைந்தாலும் 15 துண்டுகள்தான் வரும். விகிதம் ஒன்றுக்குக் கீழே, 0.94. புள்ளி அதே, நிலம் அதே, வீடுகளின் எண்ணிக்கைகூட அதேயாக இருக்கலாம். ஆனால் கட்டத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் போக, சம தூரமுள்ள வழிகள் 20 உண்டு. மரத்தில் ஒரே ஒரு வழி. அங்கே குழாய் வெடித்துப் பள்ளம் தோண்டினால், கல்யாணப் பந்தல் போட்டால், மழையில் தண்ணீர் நின்றால், உள்ளே இருப்பவர் உள்ளேயே இருக்க வேண்டியதுதான்.

கே.ஜே. கான்ஸ்கி என்ற புவியியலாளர் 1963-இல் இதற்கு ஆல்ஃபா, பீட்டா, காமா என்று பெயரிட்டு மூன்று குறியீடுகளைத் தந்தார். நாம் மேலே கண்ட விகிதம் பீட்டா. காமா, இருக்கும் இணைப்புகளை இருக்கக்கூடிய அதிகபட்ச இணைப்புகளோடு ஒப்பிடும். நம் கட்டத்துக்கு 0.57, மரத்துக்கு 0.36. ஆல்ஃபா, சுற்றி வரக்கூடிய வளையங்களை எண்ணும். கட்டத்தில் ஒன்பது வளையங்கள், மதிப்பு 0.33. மரத்தில் வளையமே கிடையாது, ஆகவே சுழியம்.

இவற்றோடு இன்னும் மூன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். முதலாவது, சந்திகளின் தரம்: நூறு சந்திகளில் எத்தனை நாற்சந்தி, எத்தனை முச்சந்தி, எத்தனை முட்டுச்சந்து. இரண்டாவது, சுற்றுவழி விகிதம்: நடக்க வேண்டிய தூரத்தை நேர்த்தூரத்தால் வகுப்பது. மதிற்சுவரின் இரு பக்கமும் இரண்டு வீடுகள், நடுவே 60 மீட்டர், கேட் வழியாகச் சுற்றினால் 900 மீட்டர் என்று வையுங்கள்; விகிதம் 15. மூன்றாவது, பாலத்துண்டுகள்: எந்த ஒரு தெருவை வெட்டினால் பேட்டையே துண்டாகிப்போகுமோ அந்தத் தெருக்கள். தாராவிக்கு வரும்போது இந்த மூன்றாவதற்குத் திரும்புவோம்.

ஐ.நா. வாழ்விட அமைப்பு நகர நிலத்தில் 30 விழுக்காடு தெருவுக்கு வேண்டும் என்றும், ஒரு சதுர கிலோமீட்டரில் குறைந்தது 18 கிலோமீட்டர் நீளத் தெரு வேண்டும் என்றும் சொல்கிறது. இதைக் கட்டமாகப் பரப்பிப் பார்த்தால் ஏறத்தாழ 110 மீட்டருக்கு ஒரு தெரு, சதுர கிலோமீட்டருக்கு 80 சந்தி என்று வரும். வயதான ஒருவர் மூச்சு வாங்காமல் அடுத்த திருப்பத்தை எட்டக்கூடிய தூரம் அது.

உலகம் எந்தப் பக்கம் போகிறது?

கிறிஸ்டோஃபர் பாரிங்டன்-லீ, ஆடம் மில்லார்ட்-பால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2015-இல் அமெரிக்காவின் நூறாண்டுத் தெருக்களையும், 2020-இல் உலகம் முழுவதன் தெருக்களையும் அளந்து கட்டுரைகள் வெளியிட்டார்கள். உலக ஆய்வுக்குத் தன்னார்வலர்கள் வரைந்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தையும் செயற்கைக்கோள் படங்களையும் சேர்த்துவைத்து, எந்தக் காலத்தில் போட்ட தெரு எப்படி இணைந்திருக்கிறது என்று பார்த்தார்கள். மேலே சொன்ன பல அளவுகளைத் திரட்டி, தெரு வலையின் துண்டிப்புக்கு ஒரே குறியீட்டை உண்டாக்கினார்கள்.

அமெரிக்காவில் புதிய தெருக்களின் துண்டிப்பு 1990-களின் நடுப்பகுதியில் உச்சம் தொட்டுப் பிறகு குறைந்திருக்கிறது. முட்டுச்சந்து வேண்டாம் என்று விதி போட்ட ஊர்கள் பலனைக் கண்டிருக்கின்றன. உலகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் நிலைமை வேறு. 1975 முதல் புதிதாக உருவான பகுதிகளில் இணைப்பு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. பொலிவியா, அர்ஜென்டினா, பெரு போன்ற நாடுகள் பழைய கட்டத் தெருவை விடாமல் பிடித்திருக்கின்றன. தென்கிழக்கு ஆசியாவில் கேட் போட்ட குடியிருப்புகள் பெருகி வலை அறுந்துகொண்டிருக்கிறது.

தமிழ்நாட்டிலும் இதைப் பார்க்கலாம். 1920-களில் மாம்பலம் ஏரிப்பக்கம் உருவான தியாகராய நகரில் பனகல் பூங்காவைச் சுற்றி எந்தத் தெருவில் புகுந்தாலும் இன்னொரு தெருவில் வெளியே வரலாம். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் அது நடக்காது. அதற்கு இணையாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓடுகிறது, நடுவே பக்கிங்காம் கால்வாய். கால்வாயைக் கடந்து ஒரு சாலையிலிருந்து மற்றதற்கு வர சோழிங்கநல்லூர்–அக்கரை போல விரல்விட்டு எண்ணும்படியான வழிகளே உண்டு. பல குறுக்குத் தெருக்கள் ஏதோ ஒரு அடுக்ககத்தின் காவலாளி நாற்காலியில் போய் முடிகின்றன.

மாட்டுங்கா: தெரு முதலில், வீடு பிறகு

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊரின் தெருக்கோட்டுக்குக் காரணம் பிளேக். 1896-இல் மாண்ட்வியில் தலைகாட்டிய நோய் நகரத்தையே காலி செய்தது. 1898-இல் பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை பிறந்தது. நகருக்குள் கடற்காற்று புகும் என்று அது பிரின்சஸ் தெரு, சான்ட்ஹர்ஸ்ட் சாலை போன்ற அகலச் சாலைகளை வெட்டியது. அதில் ஏழைகளின் வீடுகள் ஏராளமாகப் போயின. அந்தக் கணக்கையும் மறக்கக் கூடாது. நகருக்கு வடக்கே, பெரும்பாலும் வயலாகக் கிடந்த நிலத்தில் தாதர்–மாட்டுங்கா திட்டமும் சயான்–மாட்டுங்கா திட்டமும் போட்டது. தாதர்–மாட்டுங்காவில் 60,000 பேர், சயான்–மாட்டுங்காவில் அதே அளவு என்பது திட்டம்.

வேலை நடந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் நிலம் எடுத்தார்கள். பிறகு தெரு, சாக்கடை, நடைபாதை. அதன் பிறகே மனை பிரித்துக் குத்தகைக்கு விட்டார்கள். மனைகள் சட்டென்று விலைபோகவில்லை. கட்டடங்கள் நிறைய இருபது முப்பது ஆண்டுகள் ஆயின. தெருக்கள் காத்திருந்தன. பாலக்காட்டிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் ரயில்வேயிலும் கம்பெனிகளிலும் குமாஸ்தா வேலைக்கு வந்த நம்மவர்கள், வீட்டுக்குள்ளேயே குளியலறையும் கழிப்பறையும் உள்ள ஃப்ளாட் என்ற புதுப் பழக்கத்துக்கு இங்கேதான் குடிவந்தார்கள். நிகில் ராவ் 2013-இல் எழுதிய ஆங்கில நூல் இந்தக் கதையை விரிவாகச் சொல்கிறது.

இன்று பாண்டார்க்கர் சாலை, தேலங் சாலை, பாவ் தாஜி சாலை வழியே நடந்து பாருங்கள். பூக்கடையிலிருந்து காய்கறி மார்க்கெட், அங்கிருந்து கோயில், கோயிலிலிருந்து ஒரு காபி, திரும்பி வீடு: போன வழியே திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. கடைகள் தெருவைப் பார்த்து நிற்கின்றன, அடுத்தடுத்துச் சந்திகள் வருகின்றன. 1932-இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும், பஜனை சமாஜமும், 1940-களுக்கு முன்பின்னாக வந்த உடுப்பி ஓட்டல்களும் இங்கே வேரூன்றியதற்கு ஆட்களின் முயற்சி முதற்காரணம். நடந்தே எல்லாவற்றையும் எட்டலாம் என்ற நில அமைப்பும் ஒரு காரணம் என்பேன்.

பழைய மூன்று மாடிக் கட்டடங்கள் இப்போது ஒவ்வொன்றாக இடிந்து இருபது மாடியாக எழுகின்றன. ஆட்கள் பெருகுகிறார்கள், கார்கள் பன்மடங்கு பெருகுகின்றன. இருந்தும் பேட்டை மூச்சு விடுகிறது. நூறாண்டுக்கு முந்தைய ஒரு தெருக்கோடு அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. இங்கேயும் குறை உண்டு. ரயில் பாதை ஊரை இரண்டாக்குகிறது. கிழக்கிலிருந்து மேற்குக்குப் போக அந்த இசட் வடிவ நடைபாலத்தைத்தான் நம்ப வேண்டும். மும்பைப் புறநகர் ரயில் பாதைகளில் தண்டவாளம் கடக்கையில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சாகிறார்கள். சுற்றுவழி விகிதம் என்று நாம் வகுத்துப் பார்க்கும் எண், தண்டவாளத்தின் ஓரத்தில் உயிரை வைத்து எடுக்கும் முடிவாகிறது.

தாராவி: உள்ளே ஆயிரம் வழி, வெளியே சில வாசல்

மேற்கே மேற்கு ரயில்வே, கிழக்கே மத்திய ரயில்வே, வடக்கே மிட்டி ஆறு. இவற்றுக்கு நடுவே இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்குள் எட்டு முதல் பத்து லட்சம் பேர் என்று பொதுவாக மதிப்பிடுகிறார்கள். கார் போகும் சாலை வரைபடத்தை வைத்து அளந்தால் தாராவிக்குத் தேறுவது கொஞ்சம்: 90 அடிச் சாலை, 60 அடிச் சாலை, தாராவி மெயின் ரோடு, கிராஸ் ரோடு, ஓரங்களில் இணைப்புச் சாலைகள். நடுவே வெள்ளைத் திட்டுகள். அந்த எண்ணை நம்பினால் இது இணைப்பே இல்லாத பேட்டை.

உள்ளே போனால் கணக்கு தலைகீழாகிறது. ஒரு கல்லி, அதாவது குறுஞ்சந்து; நடுவில் சாக்கடை, மேலே கல் பலகை, ஓரமாகத் தண்ணீர்க் குழாய்கள், எதிரே ஆள் வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டும், மேல்மாடிக்குச் சாய்த்த இரும்பு ஏணி வேறு. பத்து அடியில் ஒரு திருப்பம், இருபது அடியில் ஒரு முச்சந்தி. வெட்டிய துணி ஒரு கல்லியில் தைக்கப்பட்டு, இன்னொன்றில் காஜா எடுக்கப்பட்டு, மற்றொன்றில் மடித்துக் கட்டப்படுகிறது. விடியுமுன் நம் திருநெல்வேலிப் பக்கத்தார் அவித்த இட்லி, பாத்திரங்களில் ஏறி மாஹிம், சயான் ஸ்டேஷன்களை நோக்கிக் கிளம்பிவிடுகிறது. அந்தக் கல்லிகள்தாம் தாராவியின் அசெம்பிளி லைன். நடக்கிறவரின் காலால் அளந்தால் மாட்டுங்காவைவிட இங்கே சந்திகள் நெருக்கம்.

ஆகவே இங்கே இரண்டு அளவு வேண்டும். காலுக்கு ஒன்று, ஆம்புலன்சுக்கு ஒன்று. வாகனம் எட்டாத வீட்டின் துயரத்தை அளக்க ஒரு நல்ல முறையை கிறிஸ்டா பிரெல்ஸ்ஃபோர்டும் லூயிஸ் பெட்டன்கோர்ட்டும் அவர்களுடைய தோழர்களும் 2018-இல் வெளியிட்டார்கள். ஒரு வீட்டிலிருந்து தெருவை எட்ட எத்தனை மனைகளைக் கடக்க வேண்டும் என்று எண்ணுகிறார்கள். பிறகு, யாரையும் ஊரைவிட்டு அகற்றாமல், குறைந்த நீளத்துக்குப் புதுவழி திறந்து எல்லா வீட்டுக்கும் தெரு கிடைக்கச் செய்வது எப்படி என்று கணக்கிடுகிறார்கள். குடிசைப் பகுதி என்றால் இடித்துத் தள்ளுவது என்ற ஒரே பழக்கத்துக்கு இது நல்ல மாற்று.

தாராவியின் உண்மையான பலவீனம் அதன் வாசல்களில் இருக்கிறது. பாலத்துண்டு என்று முன்பு சொன்னதற்கு இங்கே சொல்லர்த்தமாகவே ஒரு பாலம் உண்டு. 1912-இல் கட்டிய சயான் ரயில்வே மேம்பாலத்தைப் புதிதாகக் கட்டுவதற்காக 2024 ஆகஸ்ட் 1 அன்று மூடினார்கள். பழைய பாலம் வலுவிழந்திருந்தது, கூடுதல் ரயில் பாதைக்கும் இடம் வேண்டியிருந்தது, மூடியது சரிதான். ஆனால் அந்த ஒரு துண்டு அறுந்ததும் வண்டிகள் எல்லாம் குர்லா பக்கமும் கும்பார்வாடா பக்கமும் திரும்பின. தாராவிக்காரர்கள் பிரசவத்துக்கும் விபத்துக்கும் ஓடும் சயான் ஆஸ்பத்திரி தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வரைபடத்தில் அந்த ஆஸ்பத்திரியின் நேர்த்தூரம் மாறவில்லை. ஆட்டோவில் வலியோடு உட்கார்ந்திருப்பவருக்கு மாறிவிட்டது. பாலத்தை மூடுமுன் அந்த எண் என்னவாகும் என்று முன்கூட்டியே போட்டுப் பார்க்க ஒரு மடிக்கணினியும் ஒரு பிற்பகலும் போதும்.

இப்போது தாராவியே மாறப்போகிறது. 2022-இல் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு மறுசீரமைப்பு ஏலத்தை எடுத்தது. 2025-இல் மாநில அரசு பெருந்திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. யாருக்கு வீடு, எத்தனை சதுர அடி, எந்த ஆண்டுச் சான்று செல்லும் என்பவை முக்கியமான சண்டைகள். அவற்றைப் போட வேண்டியவர்கள் போடுகிறார்கள். நான் சேர்க்க விரும்பும் கோரிக்கை ஒன்று: இன்றைய தாராவியில் எத்தனை சந்தி, நாளைய தாராவியில் எத்தனை சந்தி, எத்தனை வாசல் என்ற எண்களை அரசு வெளியிட வேண்டும். கல்லிகள் போய் கேட் போட்ட கோபுரங்கள் வந்தால், வீடு கிடைத்தவருக்கும் தொழில் போய்விடும்.

செம்பூர்: ஒரே பெயர், பல ஊர்

செம்பூரைத் தோட்டப் புறநகர் என்று பழையவர்கள் சொல்வார்கள். ஸ்டேஷன் பக்கத்து மனைத் தெருக்களும், சேடா நகரில் முருகன் கோயிலைச் சுற்றியுள்ள பகுதியும் நமக்குப் பழக்கமானவை, நடந்து சுற்றலாம். தெற்கே போகப் போக வலை அறுகிறது. 1950-களில் வந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், உரத் தொழிற்சாலை, ரயில் கிளைப் பாதைகள், மதிற்சுவர்கள். அவற்றுக்கு நடுவே மாகுல். 72 கட்டடங்கள், 17,205 வீடுகள். தான்சா குழாய்ப் பாதை ஓரமிருந்தும் பிற திட்டங்களிலிருந்தும் அகற்றப்பட்டவர்களை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்தப் பகுதிக் காற்றால் உடல்நலத்துக்கு ஆபத்து என்றது. 2019-இல் மும்பை உயர்நீதிமன்றம் இனி ஆட்களை அங்கே அனுப்பக் கூடாது என்றது. காற்றைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. தெருவைப் பற்றியும் பேச வேண்டும்: வேலை இருந்த ஊர் தொலைவில், வெளியே வரும் சாலைகள் மிகக் குறைவு, இருபுறமும் ஆலைச் சுவர்.

பக்கத்திலேயே கோவண்டியில் நட்வர் பாரேக் காம்பவுண்ட் என்ற அடுக்ககக் குடியிருப்பு. கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே சில இடங்களில் மூன்று மீட்டர்தான். அந்த இடைவெளிகளில் குப்பை விழுகிறது, யாரும் நடப்பதில்லை. இடைவெளி இருக்கிறது, தெரு இல்லை. இங்கும் இதுபோன்ற குடியிருப்புகளிலும் வெளிச்சமும் காற்றும் இல்லாததைக் காசநோயோடு தொடர்புபடுத்தி ஓர் ஆய்வு 2018-இல் வந்தது. தெருவாக இருந்திருந்தால் அதே இடைவெளி வெளிச்சத்துக்கும் நடைக்கும் சேர்ந்தே உதவியிருக்கும்.

இவற்றுக்கு எதிரான உதாரணமும் இதே பக்கத்தில் இருக்கிறது. 1976 மே மாதம், அவசரநிலைக் காலத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியிலிருந்து சுமார் 70,000 பேரைப் போலீஸ் கொண்டு அகற்றி சீத்தா கேம்ப்பில் இறக்கினார்கள். அந்த அகற்றலை எதிர்த்து நின்றவர் கோலார் தங்கவயலில் பிறந்த நம் ஜோக்கின் அற்புதம். பின்னாளில் 2000-ஆம் ஆண்டு மகசேசே விருது பெற்றவர், 2018-இல் காலமானார். செய்தது அநியாயம், அதில் சந்தேகமில்லை. ஆனால் சீத்தா கேம்ப்பில் சிறு மனைகளை நேர்கோட்டுச் சந்துகளோடு பிரித்துவிட்டிருந்தார்கள். மக்கள் அந்தக் கோட்டின் மேல் தங்கள் கையாலேயே வீடு எழுப்பி, கடை வைத்து, ஊராக்கினார்கள். அடுக்குமாடியை விட்டுத் தெருவைக் கொடுத்தால்கூட மக்கள் ஊரை உண்டாக்கிக்கொள்வார்கள். தெரு இல்லாமல் அடுக்குமாடியை மட்டும் கொடுத்தால் அது நடப்பதில்லை.

வாகனத்துக்கான இணைப்பு எப்படிக் கட்டப்படுகிறது என்பதற்கும் செம்பூரே சாட்சி. 6.45 கிலோமீட்டர் நீளமுள்ள சாந்தாகுரூஸ்–செம்பூர் இணைப்புச் சாலை 2003-இல் தொடங்கி 2014-இல்தான் திறந்தது. அதற்கு முந்தின ஆண்டு கிழக்கு ஃப்ரீவே வந்தது. காரில் போகிறவருக்கு இரண்டும் வரம். கீழே சாலையைக் கடக்க நிற்கும் அம்மாவுக்கு ஃப்ரீவே ஓர் இணைப்பைக் கூடத் தரவில்லை. இணைப்பு அளவில் காருக்கான வழியையும் காலுக்கான வழியையும் ஒரே தட்டில் போடக் கூடாது.

அளவுகோலின் எல்லை

சந்தி எண்ணிக்கை எல்லாவற்றையும் சொல்லிவிடாது. மும்பையின் பொறியாளரும் நகரமைப்பாளருமான ஷிரீஷ் பட்டேல், 1965-இல் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தாவோடு சேர்ந்து நவி மும்பை யோசனையை முன்வைத்தவர், தெரு நெரிசல் என்று ஓர் அளவைத் தந்தார். ஒரு ஹெக்டேர் தெருவுக்கு எத்தனை பேர் என்பதே அது. எஃப்.எஸ்.ஐ.யைக் கூட்டும்போது தெருப் பரப்பு கூடாவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்த ஓர் எண் காட்டிக்கொடுத்துவிடும். இணைப்பையும் நெரிசலையும் சேர்த்தே பார்க்க வேண்டும். விளக்கில்லாத சந்து, பெண்கள் இரவில் நடக்கத் தயங்கும் சந்து வரைபடத்தில் இணைப்புதான், வாழ்க்கையில் இல்லை. அதை அங்கே நடப்பவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

எல்லா வழியையும் திறந்துவிட்டால் ஊர் வண்டியெல்லாம் எங்கள் தெருவில் புகும், திருடன் வருவான் என்று சொசைட்டிகளில் சொல்வார்கள். நியாயமான கவலை. தெருவின் முனையில் நான்கு இரும்புத் தூண்களை நட்டால் கார் நிற்கும், கால் போகும். சைக்கிளும் சக்கர நாற்காலியும் போகும்படி இடைவெளி விடலாம். திருட்டுக்குப் பயந்து ஊரையே சுவரால் அடைத்தால், ஆள் நடமாட்டமில்லாத சுவரோரம்தான் மிச்சமாகும்.

செய்ய வேண்டியவை

ஒன்று: எந்த மறுசீரமைப்புத் திட்டமும், சேரி மறுவாழ்வானாலும் சொசைட்டி மறுகட்டுமானத் தொகுப்பானாலும், இன்றைய சந்திகள், நாளைய சந்திகள், முட்டுச்சந்துகளின் பங்கு, ஸ்டேஷனுக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் சுற்றுவழி விகிதம் ஆகியவற்றை ஒரு பக்க அட்டவணையாகத் தர வேண்டும். எண் குறைந்தால் ஒப்புதல் இல்லை.

இரண்டு: பெரிய மனைகளில் 120 மீட்டருக்கு ஒருமுறை பொது நடைவழி கட்டாயமாக வேண்டும். அது சொசைட்டிக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது.

மூன்று: நகரத்தின் பாலத்துண்டுகளின் பட்டியலை மாநகராட்சி வெளியிட வேண்டும். எந்தப் பாலத்தை மூடினாலும், மாற்று நடைவழி முதலில் திறந்திருக்க வேண்டும்.

நான்கு: கல்லிகளை அங்கே வாழ்பவர்களே எண்ணி வரைபடத்தில் ஏற்ற வேண்டும். 1985-இல் நடைபாதைவாசிகளை ஒரு தன்னார்வ அமைப்பு வீடு வீடாகக் கணக்கெடுத்து நூலாக்கியபோதுதான் அவர்கள் அரசின் கண்ணுக்குத் தெரிந்தார்கள். ஜோக்கின் அற்புதத்தின் குடிசைவாசிகள் கூட்டமைப்பு அந்த வழக்கத்தைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோயிற்று. தெருக்களுக்கும் அதுவே பொருந்தும்.

அரசு கேட்குமா என்று நீங்கள் நினைக்கலாம். 2015-இல் மும்பையின் புதிய வளர்ச்சித் திட்ட வரைவு வெளியானபோது, இருக்கும் கட்டடங்களின் மேலேயே சாலைக்கோடு போட்டிருந்தார்கள். சாதாரண மக்கள் தங்கள் தெருவை வரைபடத்தில் தேடிப் பார்த்துப் பல்லாயிரம் ஆட்சேபங்களை எழுதினார்கள். வரைவைத் திருப்பி அனுப்பித் திருத்த வேண்டியதாயிற்று. 2034 வரைக்குமான திட்டம் 2018-இல்தான் ஒப்புதல் பெற்றது. ஆட்சேபங்களையும் ஆலோசனைகளையும் எழுதும் உரிமை 1966-ஆம் ஆண்டு நகரமைப்புச் சட்டம் நமக்குத் தந்தது.

அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள். உங்கள் சொசைட்டியின் அடுத்த கூட்டத்தில், பில்டர் படம் போட்டுக் காட்டி முடித்ததும், சதுர அடிக்கு முன்னால் இதைக் கேளுங்கள்: இந்த மனையில் இப்போது எத்தனை வழி, கட்டி முடித்த பின் எத்தனை வழி? பதில் எழுத்தில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.